டீசலா பெட்ரோலா என்று என்னை யாரும் கேட்கவில்லை

எனக்கு ஐம்பத்து நான்கு வயதில் கார் ஆசை வந்தது. சின்னக் கார் இல்லை, பெரிய கார். ஏறி உட்கார்ந்தால் ரோடு கீழே தெரிய வேண்டும், கதவைச் சாத்தினால் வெளிச் சத்தம் உள்ளே வரக் கூடாது, சீட்டு தோல் சீட்டாக இருக்க வேண்டும். முழங்கால் வலி ஒரு காரணம். தாழ்வான காரில் குனிந்து ஏறி இறங்கினால் என் வலது முட்டி இரண்டு நாளைக்கு விடாது. ஆனால் முட்டியைச் சாக்காகச் சொல்லித் தப்பிக்க எனக்கு விருப்பமில்லை. ஆசைதான். இருபத்தெட்டு வருஷம் என் கணவருடைய ஸ்கூட்டரில் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து, நெய்வேலித் தூசியையெல்லாம் புடவையில் வாங்கியவளுக்கு அந்த ஆசை வரக் கூடாதா என்ன.

நான் தெர்மல் மின் நிலையத்தில் வேலை பார்க்கிறேன். பாய்லருக்குப் போகும் தண்ணீரைச் சோதிக்கும் லேப். என் கணவர் சுரங்கத்தில், மண் தள்ளும் டோசரும் மண் சுமக்கும் டம்பர் லாரியும் பழுது பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில், முப்பத்தைந்து வருஷம் டீசல் இஞ்சினோடு கிடந்து, போன வருஷம் ரிட்டையர் ஆனார். அவர் பெயரில் இருந்த குவார்ட்டர்ஸ் என் பெயருக்கு மாறியது. அன்றிலிருந்து யார் வீட்டுக்கு வந்தாலும், "நான் இவங்க வூட்டுல கெஸ்ட்டா இருக்கேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். முதல் இரண்டு தடவை நானும் சிரித்தேன்.

கார் என் சம்பளத்தில், என் பெயரில், நான் ஓட்டுவதற்கு. இதை ஆரம்பத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட்டேன். மந்தாரக்குப்பத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, என்னைவிட முப்பது வயது சின்னப் பிள்ளைகளோடு எட்டுப் போட்டு லைசென்ஸும் வாங்கிவிட்டேன். அவர் மறுப்பேதும் சொல்லவில்லை. கலர் என் இஷ்டம், சீட்டு என் இஷ்டம், கம்பெனிகூட என் இஷ்டம் என்றார். "இஞ்சின மட்டும் நான் பாத்துக்கிறேன்" என்றார். அப்போது அது எனக்கு ஒரு உதவியாகப் பட்டது.

நான் லேப்காரி. எதையும் அளந்து பார்க்காமல் நம்ப மாட்டேன். அதனால் கார் பார்க்கப் போவதற்கு முன் ஒரு மாதம், ஸ்கூட்டரில் எங்கெல்லாம் போகிறோம், எத்தனை கிலோமீட்டர் என்று ஒரு நோட்டில் எழுதினேன். குவார்ட்டர்ஸிலிருந்து தெர்மலுக்கு, தெர்மலிலிருந்து வீட்டுக்கு, வழியில் காய்கறி, ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசை. ஒரு நாளைக்குச் சராசரி ஏழு கிலோமீட்டர். அதிலும் டவுன்ஷிப் ரோட்டில் நூறு அடிக்கு ஒரு ஸ்பீடு பிரேக்கர், நாற்பதைத் தாண்டி யாராலும் ஓட்ட முடியாது. இந்த ஓட்டத்துக்குப் பெட்ரோல் போதும் என்று எனக்குத் தோன்றியது. இணையத்தில் படித்துப் பார்த்தேன். அங்கேயும் அதையேதான் சொன்னார்கள். புது டீசல் வண்டிகளில் புகைபோக்கிக் குழாயில் ஒரு கரி வடிகட்டி இருக்கிறதாம், நீண்ட தூரம் ஓட்டிச் சூடேறினால்தான் அதில் சேரும் கரி எரியுமாம், கிட்டக் கிட்ட ஓட்டினால் அடைத்துக்கொள்ளுமாம். நோட்டை எடுத்துப் போய் அவர் முன்னால் வைத்தேன்.

கண்ணாடியைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. "இந்தாம்மா, பெட்ரோல் இஞ்சின்றது மிக்சி மாதிரி. கத்தும். டீசல்னா ஆட்டுக்கல்லு. நின்னு அரைக்கும்" என்றார்.

"எனக்கு மாவு அரைக்க வேணாங்க. தெர்மலுக்குப் போய்ட்டு வரணும்" என்றேன்.

எதிர் வரிசைக் குவார்ட்டர்ஸில் இருக்கும் டோசர் ஆபரேட்டர் அப்போது டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் என் கணவரோடு இருபது வருஷம் ஒரே ஷிப்டில் இருந்தவர். "அண்ணி, அண்ணன் இஞ்சின் மேல கைய வச்சே இன்னா கோளாறுன்னு சொல்லிடுவாரு. நீங்க நோட்டு எழுதிக்கினு இருக்கீங்களே" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். போய், தேவையில்லாமல் கொஞ்சம் சத்தமாகவே கழுவினேன்.

ஷோரூம் புதுச்சேரியில். ஒரு சனிக்கிழமை கிளம்பிப் போனோம். விற்பனையாளர் டை கட்டிக்கொண்டு வந்து இருவருக்கும் வணக்கம் சொன்னார். மூன்று இஞ்சின் இருப்பதாகச் சொன்னார். டர்போ பெட்ரோல், டீசல், பேட்டரியும் பெட்ரோலும் சேர்ந்த ஹைபிரிட். ஹைபிரிட்டுக்கு எட்டு மாதம் காத்திருக்க வேண்டுமாம். நான் நோட்டைப் பிரித்து, தினமும் ஏழு கிலோமீட்டர், எல்லாம் உள்ளூர் ரோடு, எது சரிப்படும் என்று கேட்டேன். அவர் யோசிக்காமல், "பெட்ரோலே தாராளம் மேடம்" என்றார். எனக்கு அந்த மனிதரை மிகவும் பிடித்துப்போயிற்று.

அது இரண்டு நிமிடம்கூட நீடிக்கவில்லை. என் கணவர் தன் சர்வீஸைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். எத்தனை டன் டம்பர், எத்தனை சிலிண்டர், ஒரு பிஸ்டன் எவ்வளவு கனம். விற்பனையாளரின் உடம்பு நாற்காலியோடு சேர்ந்து அவர் பக்கம் திரும்பிவிட்டது. "சார் லைஃபே டீசல்ல போயிருக்கு. சாருக்குப் பெட்ரோல் கொடுத்தா எனக்குப் பாவம் வரும் சார்" என்றார். அதன் பிறகு டார்க் என்கிற இழுவைச் சக்தி, பிக்கப், மைலேஜ், சர்வீஸ் எல்லாமே சாருக்குத்தான் சொல்லப்பட்டது. அந்தக் கடையில் என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். காபிக்குச் சர்க்கரை போடலாமா மேடம்.

டெஸ்ட் டிரைவ் நான்தான் ஓட்டினேன். இவர் பக்கத்து சீட்டில், விற்பனையாளர் பின்னால். வண்டியைப் பின்னால் எடுக்கப் போனபோது இவர், "மூணு ஹார்ன் குடு" என்றார். சுரங்கத்தில் அது சட்டம். ஸ்டார்ட் செய்ய ஒரு ஹார்ன், முன்னால் எடுக்க இரண்டு, பின்னால் எடுக்க மூன்று. வீட்டளவு உயரமான வண்டியின் பின்னால் மனிதன் நிற்பது ஓட்டுகிறவனுக்குத் தெரியாது, அதற்காக. இங்கே பின்னால் கேமரா இருக்கிறது, திரையில் ரோட்டுக் கல்கூடத் தெரிகிறது. இருந்தாலும் அடித்தேன். புதுச்சேரி மெயின் ரோட்டில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

திரும்பி வந்ததும் டீசல் வண்டியின் பானெட்டைத் தூக்கிக் காட்டினார்கள். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. என் கணவர் குனிந்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ரிட்டையர் ஆனதிலிருந்து அவர் முகத்தில் நான் காணாத ஒன்று அப்போது வந்தது. காலையில் எழுந்து பழைய ஷிப்ட் நேரத்துக்குக் குளித்துவிட்டு, போக இடமில்லாமல் பேப்பரை மூன்று தடவை மடிக்கிற மனிதர் அவர். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பெட்ரோல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்காக அவர் மேல் கோபம் வந்தது, என் மேலும் வந்தது. புக்கிங் தாளில் டீசல் என்ற கட்டத்தில் டிக் அவர் சொல்லி விழுந்தது. கீழே கையெழுத்து மட்டும் என்னுடையது.

வண்டி வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோவில் வாசலில் நிறுத்தி, பங்குச்சாமியாரைக் கூப்பிட்டு வண்டியை மந்திரிக்கச் சொன்னோம். அவர் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். ஆமென் சொன்ன கையோடு என் கணவர் பக்கம் திரும்பி, "டீசல்தானே?" என்று கேட்டார். சாவி என் கையில் இருந்தது.

அதிலிருந்து தினமும் காலையில் நான் புடவைக்குப் பின் குத்திக்கொண்டிருக்கும்போதே ஷெட்டில் இஞ்சின் ஓட ஆரம்பித்துவிடும். முதலில் ஒரு ஹார்ன் கேட்கும். பிறகு பத்து நிமிடம் வண்டி நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டு நிற்கும். "சூடேறாத இஞ்சினத் தொடக் கூடாது. ஆயில் மேல ஏறணும்" என்பார். சுரங்கத்தில் அப்படித்தான். அந்த நேரத்தில் கண்ணாடியைத் துடைப்பார், ஏசியைப் போட்டு வைப்பார், என் டிபன் பையைப் பக்கத்து சீட்டில் வைத்து பெல்ட்டைக்கூட மாட்டிவிடுவார். சாயங்காலம் நான் திரும்பி வந்தால் உடனே நிறுத்த விட மாட்டார். ஐந்து நிமிடம் ஓட விட்டுத்தான் அணைக்க வேண்டும். டர்போ சூடு ஆறணுமாம். நான் ஷெட்டுக்குள் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இந்த ஐந்து நிமிடம் எனக்கு எரிச்சல். காலையில் அந்தப் பத்து நிமிடம் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. குளிர்ந்து தயாராக நிற்கும் வண்டியில், ஒரு ராணி மாதிரி ஏறிப் போவேன்.

இரண்டாம் மாதம் அந்த விளக்கு எரிந்தது. மஞ்சள் நிறத்தில், ஒரு குழாய்க்குள் புள்ளி புள்ளியாக. மேனுவலை எடுத்துப் பார்த்தேன். கரி வடிகட்டியில் கரி சேர்ந்துவிட்டது, சீரான வேகத்தில் நெடுந்தூரம் ஓட்டவும் என்று இருந்தது. நான் நோட்டில் எழுதிய அதே விஷயம். அவரிடம் காட்டினேன்.

"சென்சார் கோளாறு. டம்பர்ல இதெல்லாம் ஏது" என்றார்.

"டம்பர்ல தோல் சீட்டும் இல்லீங்க" என்றேன்.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். ஆனாலும் விளக்கு எரிவதை அவரால் பொறுக்க முடியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் டவுன்ஷிப் ஆர்ச் கேட் தாண்டி, வடலூர் வழியாகச் சேத்தியாத்தோப்பு வரை ஒரு ஓட்டம் போனோம். "ஹைவே நான் ஓட்டுறேன். நீ லோக்கல் ஓட்டிக்கோ" என்று சாவியை வாங்கிக்கொண்டார். அறுபதுக்குக் கீழே இறங்காமல் அரை மணி நேரம் போனால் கரி எரிந்துவிடும் என்பது கணக்கு. நம் ஊர் ரோட்டில் யார் அறுபதுக்குக் கீழே இறங்காமல் அரை மணி நேரம் போவது? வடலூரில் கல்யாண ஊர்வலம். அதைத் தாண்டினால் இரண்டு டிரெய்லரில் கரும்பு ஏற்றிக்கொண்டு டிராக்டர். டிராக்டரைத் தாண்டினால் ரோட்டின் பாதியை அடைத்து நெல் காயப்போட்டிருந்தார்கள். வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டி இன்னும் கொஞ்சம் தூரம் போன பிறகுதான் விளக்கு அணைந்தது. அவர் பெரிய காரியம் சாதித்தவர்போல் என்னைப் பார்த்தார்.

வியாழக்கிழமை மறுபடியும் எரிந்தது.

அதன் பிறகு ஞாயிறுதோறும் சேத்தியாத்தோப்பு. துணி துவைப்பதா, கறி எடுப்பதா, அரை மணி நேரம் காலை நீட்டுவதா, எதுவும் கிடையாது. பூசை முடிந்தால் கரி எரிக்கப் போக வேண்டும். வாரம் முழுக்க ஆறு நாள் நான் ஓட்டுகிற தூரத்தைவிட ஞாயிற்றுக்கிழமை அவர் ஓட்டுகிற தூரம் அதிகம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அதிலும் நல்ல ரோடெல்லாம் அவருக்கு, ஸ்பீடு பிரேக்கரெல்லாம் எனக்கு. என் காரில் நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, ஸ்பீடோமீட்டர் முள்ளையும் மஞ்சள் விளக்கையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு போவேன். லேபில் செய்வதும் அதுதான். ஓய்வு நாளிலும் ரீடிங் எடுக்கத்தான் நான் இவ்வளவு பெரிய வண்டி வாங்கினேனா என்று ஒரு நாள் அழுகையே வந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இன்னா ஆச்சு?" என்றார்.

"தூசி" என்றேன். கண்ணாடி நாலும் ஏற்றி இருந்தது.

நாலாம் மாதம் விளக்கு எங்கே ஓட்டியும் அணையவில்லை. வண்டி இழுக்கவில்லை. சர்வீஸுக்குப் புதுச்சேரிக்கே கொண்டுபோனோம். நான் வழியெல்லாம் ஒரே ஒரு வாக்கியத்தை மனதுக்குள் தேய்த்து மினுக்கிக்கொண்டிருந்தேன். "அன்னிக்கே சொன்னேன், கேட்டீங்களா?" சர்வீஸ் அட்வைசர் சொல்லி முடித்ததும் அதைச் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். நாலு மாதக் கோபத்துக்கு அந்த ஒரு வாக்கியமாவது எனக்குக் கிடைக்க வேண்டாமா.

அட்வைசர் ஒரு கம்ப்யூட்டரை வண்டியோடு இணைத்துப் பார்த்தார். வழக்கம்போல என் கணவரைப் பார்த்துத்தான் பேசினார். "சார், ஓட்டம் கம்மிதான். ஆனா இவ்வளவு சீக்கிரம் அடைக்காது. வண்டிய நின்ன எடத்துலயே ஓட விடுவீங்களா?"

என் கணவர் நிமிர்ந்தார். இந்த ஒரு கேள்விக்காகவே அவர் இத்தனை நாள் காத்திருந்தது மாதிரி இருந்தது. "தெனமும் காலையில பத்து நிமிஷம். சாயங்காலம் அஞ்சு. ஒரு நாள் தவறினதில்லைங்க" என்றார்.

"அதான் சார். நின்னுக்கிட்டே ஓடினா கரி விழும், அத எரிக்கிற அளவுக்குச் சூடு வராது. இந்த வண்டிங்கள ஸ்டார்ட் பண்ண உடனே மெதுவா நகர்த்திடணும். சூடு பண்ணவே கூடாது சார்" என்றார் அட்வைசர். நல்ல மனிதர், மரியாதையாகத்தான் சொன்னார்.

என் கணவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார், மறுபடியும் உள்ளே வைத்தார். முப்பத்தைந்து வருஷம் யாரும் இஞ்சின் விஷயத்தில் அவரிடம் 'கூடாது' என்று சொன்னதில்லை. என் வாக்கியம் வாய்க்குள் தயாராக இருந்தது. சொல்லவில்லை. பெருந்தன்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அடிக்க ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன், அவ்வளவுதான். நாலு மாதமும் டீசலைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். தினமும் காலையில் எனக்காக ஓடிய அந்தப் பத்து நிமிடம் என் கணக்கில் வரவே இல்லை. வடிகட்டியைப் பற்றிப் படித்தவள் நான்தான். ஏசி குளிரில் ஏறி உட்கார்ந்தவளும் நான்தான்.

வடிகட்டியை அவர்களே மெஷினில் போட்டுக் கரியை எரித்துக் கொடுத்தார்கள். திரும்பி வரும்போது சாவியை என்னிடம் நீட்டினார். வீட்டுக்கு வந்து ஷெட்டுக்குள் பின்னால் எடுத்தேன். மூன்று ஹார்ன் குடு என்று சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் காலை புடவைக்குப் பின் குத்தும்போது ஷெட்டில் சத்தமே இல்லை. வெளியே வந்தால் துடைக்கும் துணியைக் கையில் வைத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறார். கண்ணாடி துடைத்தாகிவிட்டது, டிபன் பை பெல்ட்டோடு சீட்டில் இருக்கிறது, வேறு ஒன்றும் செய்வதற்கில்லை. நான் ஏறி ஸ்டார்ட் செய்த உடனே நகர்த்திக்கொண்டு போனேன். உள்ளே ராத்திரிப் புழுக்கம் அப்படியே இருந்தது. தெரு முனை ஸ்பீடு பிரேக்கர்வரை கண்ணாடியில் அவர் தெரிந்தார், இன்னமும் அந்தத் துணியோடு.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் இப்போது என்னுடையது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறார். இஞ்சினைப் பற்றி வாயே திறப்பதில்லை. நான் கியரைத் தப்பாகப் போட்டால்கூட ஜன்னல் வழியாக முந்திரிக்காட்டைத்தான் பார்க்கிறார். ஜெயித்தேன் என்று வைத்துக்கொண்டால், ஜெயித்த இடத்தில் பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை.

போன சனிக்கிழமை மத்தியானம் அவருடைய போன் அடித்தது. ஷோரூமிலிருந்து. அவர்கள் எழுதி வைத்திருந்தது அவருடைய நம்பரைத்தான். வாங்கின வண்டியைப் பற்றி அபிப்பிராயம் கேட்க வேண்டும், சார் இரண்டு நிமிடம் பேசலாமா என்று ஒரு பெண் குரல். ஸ்பீக்கரில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

"வண்டி என்னுது இல்லைங்க. எங்க வூட்டுக்காரம்மாவோடது. அவங்களைக் கேளுங்க" என்று சொல்லி, போனை என் கையில் கொடுத்துவிட்டு ஷெட்டுக்குப் போய்விட்டார்.

ஷெட்டுக்கும் எனக்கும் நடுவில் ஒரு திறந்த ஜன்னல்தான். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே துடைத்த பானெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணி மிக மெதுவாக நகர்ந்தது.

"மேடம், நீங்க எடுத்திருக்கிற டீசல் இஞ்சின் உங்களுக்குத் திருப்தியா இருக்கா? பத்துக்கு எத்தனை மார்க் கொடுப்பீங்க?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

இந்தக் கேள்விக்காக நான் எத்தனை மாதம் காத்திருந்தேன். நோட்டு எழுதி வைத்துக்கொண்டு, ஷோரூமில் உட்கார்ந்துகொண்டு, கோவில் வாசலில் சாவியோடு நின்றுகொண்டு. கடைசியில் கேட்டுவிட்டார்கள். மேடம் என்று கூப்பிட்டு, என்னைத்தான் கேட்டார்கள். மனதில் இருந்த மார்க் மூன்று.

ஷெட்டில் துணி நின்றுவிட்டது.

"ஒம்போது" என்று சொல்லிப் போனை வைத்தேன். எனக்கு என் மேலேயே அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து வெளியிலிருந்து அவர் குரல் வந்தது. "ஒரு மார்க்க எதுக்குக் கொறச்ச?"

"அது எனக்கு வேணும்" என்றேன்.